கன்னச் செல்: பஞ்சுக் குச்சியில் வருவது என்ன, வராதது என்ன

சென்னைக் கல்லூரிகளில் ரத்த ஸ்டெம் செல் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்) கொடையாளர் பதிவு முகாம் நடந்தால், அன்று மாலை மாணவர்களின் வீடுகளில் ஒரு கேள்வி எழும். "வாய்க்குள் பஞ்சுக் குச்சியை விட்டுத் தேய்த்தார்களாமே, அப்போதே ஸ்டெம் செல்லை எடுத்துவிட்டார்களா?" இதே மாதிரிக் குழப்பங்கள் வேறு இடங்களிலும் உண்டு. பெண்கள் பிரிவில் ஓடும் வீராங்கனைகளுக்குக் கன்னத் துடைப்புப் பரிசோதனை என்று 2025-இல் செய்தி வந்தபோது, எச்சிலை வைத்து எதைக் கண்டுபிடிப்பார்கள் என்று பலர் கேட்டார்கள். வாயில் வெள்ளைத் திட்டு வந்தவர்கள், துடைத்துப் பார்த்தாலே புற்றுநோயா இல்லையா என்று தெரிந்துவிடும் என நம்பிக் காத்திருக்கிறார்கள்.

இவை எல்லாவற்றிலும் குச்சியில் ஒட்டிக்கொண்டு வருவது கன்னத்தின் உட்புறச் செல்தான். பள்ளி ஆய்வகத்தில் நீலச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்த அதே செல். அது எங்கே பிறக்கிறது, எந்த நிலையில் நம் கைக்கு வருகிறது என்பது புரிந்தால், இந்தப் பரிசோதனைகள் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதும் புரிந்துவிடும்.

உட்கன்னத்தின் அடுக்குகள்

கன்னத்தின் உள்பக்கத்தை நாக்கால் தடவினால் வழுவழுவென்று இருக்கும். அந்த வழுவழுப்பான உறைக்குப் பெயர் எபிதீலியம். சுமார் அரை மில்லிமீட்டர் தடிமன்தான், ஆனால் அதற்குள் செல்கள் 40 முதல் 50 அடுக்குகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மேல் அடுக்குகளில் செல்கள் தட்டையாக இருப்பதால் உயிரியலில் இதை அடுக்குச் செதில் எபிதீலியம் என்கிறார்கள். கீழிருந்து மேலாகப் பார்க்கலாம்.

1. அடித்தளச் செல்கள். சிறியவை, உயரம் கொண்டவை, அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய விரிப்பின் மேல் வரிசையாக நிற்பவை. பிரிந்து புதிய செல்களை உண்டாக்கும் வேலை பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது.

2. முள் அடுக்கு. இங்கே செல்கள் ஒன்றையொன்று டெஸ்மோசோம் என்ற இணைப்புகளால் இறுகப் பிடித்திருக்கும். ஆய்வகத்தில் பதப்படுத்தும்போது செல்கள் சுருங்க, இணைப்புகள் மட்டும் முள் முள்ளாகத் தெரியும். பெயர் வந்தது அதனால்தான்.

3. இடை அடுக்கு. செல் அகன்று தட்டையாகத் தொடங்கும். கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பும் உள்ளே இருக்கும்.

4. மேல் அடுக்கு. முழுக்கத் தட்டையான, அகன்ற செல்கள். இணைப்புகள் தளர்ந்து, எச்சிலோடும் சோற்றோடும் உதிரத் தயாராக இருப்பவை.

அடித்தளத்தில் பிறந்த செல், கீழே இருந்து புதியவை தள்ளத் தள்ள மேலே வந்து உதிர்கிறது. இந்தப் பயணம் ஏறக்குறைய இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் முடிந்துவிடும். தோல் இதைவிட மெதுவாகத்தான் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது.

இந்த உறைக்குள் ரத்தக் குழாய் கிடையாது. அடித்தளச் சவ்வுக்குக் கீழே உள்ள இணைப்புத் திசுவில்தான் ரத்தக் குழாய்கள் இருக்கின்றன, அங்கிருந்து ஊட்டம் மேலே கசிந்து வருகிறது. மென்மையாகத் தேய்த்தால் ரத்தம் வராததற்கும் வலிக்காததற்கும் காரணம் இதுதான்: குச்சி தொடுவது, எப்படியும் உதிரப்போகிற மேல் அடுக்கை மட்டும்.

நுண்ணோக்கியில் தெரிவது

ஒன்பதாம் வகுப்பு சி.பி.எஸ்.இ. செய்முறைப் பட்டியலில் வெங்காயத் தோலும் கன்னச் செல்லும் ஜோடியாக வரும். டூத்பிக்கின் மொட்டை முனையால் உட்கன்னத்தை மெதுவாகச் சுரண்டி, ஸ்லைடில் ஒரு சொட்டு உப்புக் கரைசலில் பரப்பி, மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டு, கவர் ஸ்லிப்பைச் சாய்வாக இறக்கி மூட வேண்டும். அவ்வளவுதான்.

100 மடங்கு உருப்பெருக்கத்தில் நீலப் புள்ளி வைத்த வெளிறிய திட்டுகள் தெரியும். 400 மடங்கில் தனித்தனிச் செல்களைப் பார்க்கலாம். ஒரு கன்னச் செல்லின் அகலம் பொதுவாக 40 முதல் 80 மைக்ரோமீட்டர். 400 மடங்கில் கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் விட்டம் அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு என்பதால், அந்த வட்டத்தின் குறுக்கே ஆறேழு செல்களை வரிசையாக வைக்கலாம். நம் சிவப்பணுவின் குறுக்களவு 7 அல்லது 8 மைக்ரோமீட்டர்தான் என்பதை நினைத்தால், இது எவ்வளவு அகன்ற செல் என்று விளங்கும். அகலம்தான் பெரிது, தடிமன் மிகக் குறைவு. அதனால் பல செல்களின் ஓரம் பொரித்த அப்பளம் போல மடங்கியும் நெளிந்தும் கிடக்கும். அந்த மடிப்புக் கோட்டைச் செல் சுவர் என்று குறித்துவிடும் மாணவர்கள் பலர்.

கன்னச் செல்லுக்குச் சுவர் கிடையாது. இருப்பது மெல்லிய செல் சவ்வு மட்டும். வெங்காயச் செல்லுக்கு செல்லுலோஸ் சுவர் இருப்பதால் அது செங்கல் வரிசை மாதிரி ஒழுங்காக நிற்கிறது. கன்னச் செல் ஒழுங்கற்ற பலகோணமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கிறது. வெங்காயச் செல்லின் பெரிய நுண்குமிழ் உட்கருவை ஓரத்துக்குத் தள்ளிவிடும். கன்னச் செல்லில் அப்படித் தள்ள ஒன்றும் இல்லாததால் உட்கரு பெரும்பாலும் நடுவிலேயே இருக்கும்.

உட்கரு மட்டும் ஏன் அழுத்தமான நீலமாகிறது? மெத்திலீன் நீலத்தின் மூலக்கூறுகள் நேர்மின்னேற்றம் கொண்டவை. டி.என்.ஏ.வின் முதுகெலும்பில் உள்ள பாஸ்பேட் தொகுதிகள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. இரண்டும் ஈர்க்கப்பட்டு ஒட்டிக்கொள்கின்றன. டி.என்.ஏ. செறிந்திருக்கும் உட்கரு கருநீலமாகவும், ஆர்.என்.ஏ. கொஞ்சம் பரவியிருக்கும் சைட்டோபிளாசம் வெளிர்நீலமாகவும் தெரிவது அதனால்தான்.

செல்லின் மேலும் ஓரத்திலும் பொடிப் பொடியான கருநீலப் புள்ளிகள் தெரிந்தால் மைட்டோகாண்ட்ரியா என்று எழுதிவிடக் கூடாது. அவை பெரும்பாலும் வாயில் வாழும் பாக்டீரியாக்கள். உட்கன்னத்தில் ஒட்டி வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் ஏராளம். மைட்டோகாண்ட்ரியா, எண்டோபிளாச வலை, ரைபோசோம் ஆகியவற்றை இந்தச் சாயத்தாலும் பள்ளி நுண்ணோக்கியாலும் பார்க்க முடியாது. பாடப்புத்தகப் படத்தில் இருக்கிறது என்பதற்காக ரெக்கார்டு நோட்டில் அவற்றை வரைந்து பெயர் எழுதச் சொல்வது, பார்ப்பது வேறு எழுதுவது வேறு என்று பிள்ளைகளைப் பழக்கிவிடுகிறது. உட்கரு, சைட்டோபிளாசம், சவ்வு என்று மூன்றை மட்டும் குறித்த படம்தான் நேர்மையான படம்.

தோலிலிருந்து எங்கே வேறுபடுகிறது

இந்தச் செல்லின் பயன் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

கைத் தோலின் மேல் அடுக்கும் உட்கன்னத்தின் மேல் அடுக்கும் ஒரே மாதிரியான அடுக்கு முறையில் உருவானவைதான். ஆனால் தோலில், செல் மேலே வரும்போது கெரட்டின் புரதம் இறுகி, உட்கரு சிதைந்து மறைந்துவிடுகிறது. மேலே மிஞ்சுவது உட்கரு இல்லாத காய்ந்த செதில். உட்கன்னத்தில் அந்தக் கடைசி இறுக்கம் நடப்பதில்லை. இங்கும் கெரட்டின் உண்டு, ஆனால் வகை வேறு: தோலின் மேல் அடுக்குகளில் கெரட்டின் 1, 10 என்றால் இங்கே 4, 13. செல் நெகிழ்வாகவே இருக்கிறது. சிரிக்க, மெல்ல, ஊத என்று கன்னம் ஓயாமல் இழுபடுகிறதே, அதற்கு இந்த நெகிழ்வு தேவை.

ஆகவே மேல் அடுக்குக்கு வந்து சேர்ந்த பிறகும் கன்னச் செல்லில் உட்கரு இருக்கிறது. சுருங்கியிருக்கும், வேலை முடிந்திருக்கும், ஆனாலும் இருக்கும். அதற்குள் 46 குரோமோசோம்கள், நீட்டினால் சுமார் 2 மீட்டர் நீளம் வரும் டி.என்.ஏ.

இதற்கு ஒரு விலையும் உண்டு. காய்ந்த செதில் இல்லாததால் உட்கன்னம் தோலைவிடப் பொருள்களை எளிதாக உள்ளே விடும். வலிப்பு வந்த குழந்தைக்குக் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே மிடசோலம் மருந்து விடுவது இந்தத் தன்மையை நம்பித்தான். பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்த மாவா உருண்டையை அதே இடத்தில் ஒதுக்கி வைப்பவருக்கு நிகோடின் ஏறுவதும் இதே வழியில்தான். அந்தச் சுண்ணாம்பு காரத்தன்மையைக் கூட்டி, நிகோடினை இன்னும் வேகமாக உள்ளே அனுப்புகிறது.

டி.என்.ஏ.வுக்கு ஏன் கன்னம்?

ரத்தத்தில் டி.என்.ஏ. எடுப்பதாகச் சொல்வோம். உண்மையில் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவே கிடையாது; ரத்தத்தில் டி.என்.ஏ. தருவது வெள்ளையணுக்கள்தான். கன்னச் செல்லோ எளிதில் உதிர்வது, உட்கரு உள்ளது, எடுக்க ஊசி தேவையில்லாதது. எடுத்த இடத்தைக் கீழிருந்து வரும் செல்கள் நிரப்பிவிடும். ஒரு செல்லில் இருக்கும் டி.என்.ஏ.வின் எடை ஆறு பிகோகிராம் சொச்சம்தான். ஆனால் ஒரு துடைப்பில் செல்கள் ஆயிரக்கணக்கில் வருவதால், பி.சி.ஆர். முறையில் பெருக்கிப் படிக்க அது தாராளம்.

குச்சியில் கன்னச் செல் மட்டும் தனியாக வருவதில்லை என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். பாக்டீரியாக்களின் டி.என்.ஏ.வும், கொஞ்சம் முன்பு சாப்பிட்டிருந்தால் உணவுத் துணுக்கும் வரும். துடைப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து எதையும் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம் என்று சொல்வது அதற்காகத்தான். இன்னொன்றும் வரும்: ஈறுகளின் இடுக்கு வழியாக எச்சிலுக்குள் நுழையும் வெள்ளையணுக்கள். எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவரின் ரத்தம், தானம் கொடுத்தவரின் செல்களிலிருந்து உருவாகிறது. அதனால் அவர் கன்னத்தைத் துடைத்தால், அவருடைய டி.என்.ஏ.வோடு தானம் கொடுத்தவரின் டி.என்.ஏ.வும் கலந்து வரும். அப்படிப்பட்டவர் எந்த மரபணுப் பரிசோதனைக்குப் போனாலும் முதலிலேயே இதைச் சொல்லிவிட வேண்டும்.

முகாமில் எடுப்பது ஸ்டெம் செல் இல்லை

இனி அந்த வீட்டுக் கேள்விக்கு வரலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 2009-இல் தொடங்கிய தாத்ரி போன்ற கொடையாளர் பதிவகங்கள் முகாமில் செய்வது இதுதான்:

1. கன்னத் துடைப்பில் வரும் டி.என்.ஏ.வில், ஆறாவது குரோமோசோமில் உள்ள எச்.எல்.ஏ. மரபணுக்களை மட்டும் படிக்கிறார்கள். எது தன் செல், எது அந்நியம் என்று நோய் எதிர்ப்பு அமைப்பு பிரித்தறிவதற்கான அடையாளங்களை உருவாக்கும் மரபணுக்கள் அவை.

2. அந்த விவரம் பதிவேட்டில் ஏறுகிறது. ரத்தப் புற்றுநோயோ தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயோ உள்ள ஒருவருக்கு அது பொருந்தினால் மட்டுமே பதிவு செய்தவரை அழைப்பார்கள். பலருக்கு அந்த அழைப்பு வராமலே போகலாம்.

3. அழைப்பு வந்து, அவரும் சம்மதித்து, உடல் தகுதியும் உறுதியான பிறகுதான் தானம். பெரும்பாலும் சில நாட்கள் ஊசி போட்டு, ஸ்டெம் செல்களை மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு வரவைத்து, கையின் ரத்தக் குழாயிலிருந்து இயந்திரம் மூலம் பிரித்தெடுப்பார்கள்.

உடன்பிறந்த ஒருவரோடு முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். ஒற்றைப் பிள்ளை வீடுகள் பெருகிவிட்ட ஊரில் அந்த நான்கில் ஒன்றுக்குக்கூட வழியில்லை. வெளியே தேடும்போது, ஒரே மரபுப் பின்னணி கொண்டவர்களிடையே பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், நம் மக்கள் நம் பதிவகங்களில் இருப்பது நேரடியாக உயிர் காக்கும் விஷயம். கன்னத் துடைப்பில் ரத்த ஸ்டெம் செல் வந்துவிடும் என்ற பயத்துக்கு உயிரியலில் இடமே இல்லை. அந்த உறையின் அடித்தளத்தில் ஸ்டெம் செல்கள் உண்டு. ஆனால் அவை கன்னத்தின் உறையை மட்டும் புதுப்பிப்பவை, ரத்தத்தை உருவாக்குபவை இல்லை. குச்சி அவ்வளவு ஆழத்துக்குப் போவதும் இல்லை.

கொரோனா காலத்துத் துடைப்பையும் இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே தேடியது வைரஸை, அது அதிகம் இருந்த மூக்கின் பின்பகுதியிலும் தொண்டையிலும். இங்கே தேடுவது அந்த ஆளின் சொந்த டி.என்.ஏ.வை.

விளையாட்டு மைதானத்தில் கன்னச் செல்

பெண்ணின் செல்லில் இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் இருந்தாலும் ஒன்று மட்டுமே முழுதாக இயங்கும். மற்றது சுருண்டு, உட்கருவின் ஓரத்தில் ஒரு கரும்புள்ளியாக ஒட்டியிருக்கும். 1949-இல் கனடாவில் முர்ரே பாரும் எவர்ட் பெர்ட்ராமும் பூனையின் நரம்புச் செல்களில் முதலில் இதைக் கண்டார்கள். அது பார் பாடி என்று பெயர் பெற்றது. 1955-இல் கீத் மூரும் பாரும் கன்னச் செல்லிலேயே இதைப் பார்க்கலாம் என்று காட்டினார்கள். 1968 ஒலிம்பிக்கில் இது வீராங்கனைகளுக்கான பரிசோதனையாக மாறியது.

கன்னச் செல்லில் எண்ணியது எக்ஸ் குரோமோசோமை. ஆனால் அதை வைத்து, அந்த மனிதர் பெண்ணா இல்லையா என்று தீர்ப்பெழுதினார்கள். எக்ஸ்-எக்ஸ்-ஒய் கொண்ட ஆணுக்கும் பார் பாடி தெரியும். டர்னர் நிலை எனப்படும், ஒரே எக்ஸ் மட்டும் கொண்ட பெண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்-ஒய் இருந்தும் ஆண் ஹார்மோனுக்கு உடல் செவிசாய்க்காததால் பெண்ணாகவே பிறந்து வளர்ந்தவருக்கும் தெரியாது. 1992-இல் அதைக் கைவிட்டு, ஒய் குரோமோசோமில் உள்ள, கருவில் விந்தகம் உருவாகத் தூண்டும் எஸ்.ஆர்.ஒய். மரபணுவைத் தேடும் முறைக்கு மாறினார்கள். 1996 அட்லாண்டாவில் 3,387 வீராங்கனைகளைப் பரிசோதித்ததில் 8 பேருக்கு அது இருந்தது. விசாரித்த பிறகு எட்டுப் பேரும் போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள். 1999-இல் ஒலிம்பிக் அமைப்பு இந்தக் கட்டாயப் பரிசோதனையை நிறுத்தியது. 2025 செப்டம்பர் 1 முதல், உலக தடகள அமைப்பு அதே எஸ்.ஆர்.ஒய். பரிசோதனையைக் கன்னத் துடைப்பு அல்லது ரத்த மாதிரி வழியாகத் தன் பெண்கள் பிரிவுக்குக் கொண்டுவந்திருக்கிறது.

ஒரு மரபணு இருக்கிறதா இல்லையா என்பதைக் கன்னச் செல் தெளிவாகச் சொல்லும். அந்த மரபணு அந்த உடலில் என்ன செய்தது என்பதைச் சொல்லாது. இந்த இடைவெளியில்தான் பல வீராங்கனைகளின் வாழ்க்கை நொறுங்கியிருக்கிறது. பரிசோதனை எளிது என்பதால் அதன் முடிவும் எளிது என்று நினைப்பது கொடுமை.

வெள்ளைத் திட்டும் மேல் அடுக்கின் எல்லையும்

உட்கன்னத்தில் தெரியும் எல்லாம் நோய் இல்லை. பற்கள் சேரும் மட்டத்தில் ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடு இயல்பானது. சிறு மஞ்சள் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். பெரியவர்களில் பெரும்பாலானவர்களுக்கு உண்டு. மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே உள்ள சிறு மேடு, எச்சில் சுரப்பிக் குழாயின் வாய்.

கவலைப்பட வேண்டியது, துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, அதிலும் சிவப்பு கலந்திருந்தால் கூடுதலாக. புகையிலையும் பாக்கும் ஓயாமல் உரசும் இடத்தில், கன்னச் செல் தன் இயல்பை விட்டுத் தோல் மாதிரி இறுகத் தொடங்குகிறது. கெரட்டின் கூடுவதால் அந்த இடம் வெளுக்கிறது. தமிழ்நாட்டில் குட்காவுக்கு 2013-இல் தடை வந்தது. இருந்தும் மாவா கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது. புகையிலை போடவில்லை, வெறும் பாக்குதான் என்று சொல்பவர்களும் தப்பவில்லை: புகையிலை சேர்க்காத பாக்குச் சுருளும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட தொகுப்பில் வகைப்படுத்தியிருக்கிறது. பாக்கு, எபிதீலியத்துக்குக் கீழே நார்த் திசுவையும் பெருக்கும். கன்னம் விறைத்து, காரம் பட்டால் எரிந்து, வாய் திறப்பது மெல்ல மெல்லக் குறையும். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியவில்லை என்றால் உடனே காட்ட வேண்டும்.

அப்படியானால் துடைத்துப் பார்த்தால் போதாதா? போதாது. காரணம் முதலில் பார்த்த அடுக்குகளிலேயே இருக்கிறது.

1. புற்று மாற்றம் பெரும்பாலும் பிரியும் செல்கள் இருக்கும் அடிப் பகுதியில் தொடங்குகிறது. குச்சி எடுப்பது மேல் பகுதியை.

2. செல்கள் அடித்தளச் சவ்வை உடைத்துக் கீழே இறங்கிவிட்டனவா என்பதுதான் புற்றுநோயைத் தீர்மானிக்கும் கேள்வி. உதிர்ந்த தனிச் செல்லில் அந்தச் சவ்வே இல்லை.

3. கெரட்டின் தடித்த திட்டில் துடைத்தால், உட்கரு இல்லாத செதில்கள் மட்டும் வந்து, ஒன்றுமில்லை என்ற பொய்யான நிம்மதி கிடைக்கலாம்.

அதனால்தான் மருத்துவர் பயாப்சி கேட்கிறார்: மரத்துப்போக ஊசி போட்டு, எல்லா அடுக்குகளும் அடிச் சவ்வும் சேர்ந்து வரும்படி சிறு துண்டு வெட்டியெடுப்பது. எங்கே வெட்டுவது என்று முடிவு செய்ய அயோடின் தடவிப் பார்ப்பதும் உண்டு. கிளைக்கோஜன் உள்ள இயல்பான கன்னச் செல் பழுப்பாக மாறும். மாறிப்போன செல்லில் கிளைக்கோஜன் குறைவு என்பதால் அந்த இடம் வெளிறியே நிற்கும். துண்டு எடுத்தால் புற்றுநோய் பரவிவிடும் என்று பயந்து தள்ளிப்போடுபவர்கள் நிறைய. அந்தப் பயத்தில் கழியும் மாதங்கள்தான் உண்மையில் ஆபத்தானவை.

பல் கடித்தோ சூடு பட்டோ வந்த சாதாரணப் புண், இந்த உறை இவ்வளவு வேகமாகப் புதுப்பிக்கப்படுவதால், இரண்டு வாரத்துக்குள் ஆறிவிடும். அதைத் தாண்டியும் ஆறாத புண்ணையோ, போகாத திட்டையோ சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ காட்டலாம். போகும்போது என்ன மென்றோம், எத்தனை வருடமாக என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எந்தத் திட்டில் துண்டு எடுப்பது, எவ்வளவு அடிக்கடி திரும்பப் பார்ப்பது என்று மருத்துவர் முடிவு செய்ய அந்த விவரம் வேண்டும்.